செட்டியார் தெருவும் வெள்ளவத்தையும்

கொழும்பு மாநகரைக் காணச் செல்வோர் பலர். காலிமுகத் திடலிற் கடற்காற்று வாங்கி, கோட்டையின் மாடங்களை அண்ணாந்து நோக்கி, புறக்கோட்டைக் கடைகளிற் பேரம் பேசி வாங்கிய பொருள்களுடன் ஊர் திரும்புவதே அவர்தம் வழக்கம். அவ்வாறு காண்பதும் இன்பமே. எனினும் ஒரு நகரத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர், அங்கு மக்கள் எவ்வாறு பொருளீட்டுகின்றனர், ஈட்டியபின் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் இரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில், நான்கு நாட்கள் கொழும்பில் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அப்போது கண்ட இரண்டு இடங்களைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம். ஒன்று, முன்னோர் பொருளீட்டிய செட்டியார் தெரு. மற்றையது, இக்காலத்து இளையோர் பொருளீட்டிக் களைத்து வந்து உறங்கும் வெள்ளவத்தை.

யாழ்தேவியில்

யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவியிற் புறப்பட்டோம். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வண்டி இது. 1990 ஆம் ஆண்டிற் போர் காரணமாக வடபகுதிச் சேவை நின்றது, தண்டவாளங்களும் மறைந்தன. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் வண்டி மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்தைக் கண்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர்ப் பயணம். ஆனையிறவின் உப்புவெளியும், வவுனியாவைக் கடந்தபின் வரும் காடுகளும் குளங்களும், பொல்காவலைக்கு அண்மையிலுள்ள தென்னந்தோப்புகளும் சன்னலுக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும்.

முன்னாளில் இவ்வண்டியிற் சென்றோருட் பலர் அரசாங்க எழுதுவினைஞர். மனைவி மக்களை ஊரில் விட்டு, கொழும்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறையெடுத்துத் தங்கி, திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்பி வாழ்ந்தவர்கள். இன்று எமது பெட்டியில் எதிரே அமர்ந்திருந்த இளைஞர் மூவரும் மடிக்கணினிகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தனர். ஒருவர் காதொலிக் கருவியை அணிந்து, எங்கோ ஒரு தேசத்திலுள்ள மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் விடை கூறிக்கொண்டிருந்தார். காட்டு வழியில் தொடர்பு அறுந்தபோது மட்டும் தலைநிமிர்ந்து வெளியே பார்த்தார். எழுதுவினைஞர் கந்தோரைக் கொழும்பில் விட்டு ஊருக்குச் சென்றார். இவர்களோ கந்தோரை மடியிற் சுமந்து செல்கின்றனர். இவ்வேறுபாட்டை வண்டியிலேயே கண்டோம். அதன் முழுப் பொருளை வெள்ளவத்தையிலே கண்டோம்.

வெள்ளவத்தை

கொழும்பின் தென்புறத்தே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளும் வீதியின் மறுபுறமும் சேர்ந்தது வெள்ளவத்தை. கடற்கரையை ஒட்டிப் புகையிரதப் பாதை செல்கின்றது. முன்னொரு காலத்தில் இவ்விடத்துக்குப் பெயர் தந்தது பெரிய நெசவாலை. இன்று பெயர் தருவன அடுக்குமாடிகள். காலி வீதியில் இறங்கி நடந்தால், புடைவைக் கடை, புத்தகக் கடை, தோசை மணக்கும் சைவ உணவகம் எனத் தமிழ் காதில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். இராமகிருஷ்ண மிஷன் நிலையம் இங்குள்ளது. 1942 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இங்குள்ளன. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இவ்வொழுங்கைகள் பட்ட துயரை முதியோர் இன்றும் தாழ்ந்த குரலிற் சொல்வர். எரிந்த வீடுகளிருந்த வளவுகளிலே மாடிகள் எழுந்துள்ளன. மக்கள் மீண்டும் வந்து வாழ்கின்றனர்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்ற மாணவி ஒருவரின் இல்லத்திலேயே தங்கினோம். ஏழாம் மாடியில் மூன்று அறைகள். கணவர் வங்கி உத்தியோகத்தர். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மாணவியின் தாயார் நல்லூரிலே தனியே இருக்கின்றார். கொழும்புக்கு வருமாறு பல முறை அழைத்தும், கிணற்றடியையும் கோயில் மணியோசையையும் விட்டு வர அவ்வம்மையார் உடன்படவில்லை. எமது கையில் ஒரு பை ஒடியலும் பனங்கட்டியும் கொடுத்தனுப்பியவர் அவரே.

எண்களைக் கேட்கும் வேலை

மாணவியின் தொழிலுக்குத் தரவு வழிச் சந்தைப்படுத்தல் என்று பெயர். அஃது யாதெனக் கேட்டறிந்தோம். இளைஞருட் பலர் இத்துறையை நாடுவதால், மாணவர்களின் பொருட்டுச் சிறிது விரித்துரைக்கின்றோம்.

விளம்பரம் செய்தல் புதிதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆயினும் வானொலியில் விளம்பரம் செய்த வணிகர், அதனைக் கேட்டு எத்தனை பேர் தம் கடைக்கு வந்தனர் என்பதைத் திட்டமாக அறியார். இன்று கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் தோன்றினால், அதனை எத்தனை பேர் கண்டனர், எத்தனை பேர் விரலால் அழுத்தினர், அவர்களுள் எத்தனை பேர் பொருளை வாங்கினர், ஒருவரை வாங்கச் செய்ய எவ்வளவு பணம் செலவாயிற்று என்பனவெல்லாம் அன்றன்றே கணக்கில் ஏறுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு பாதணி விளம்பரத்துக்கு இரண்டு வாசகங்கள் உள்ளன எனக் கொள்வோம். 20,000 பேரை எழுமாறாக இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதிக்கும் ஒவ்வொரு வாசகத்தைக் காட்டுவர். முதற் பாதியில் 150 பேரும் மறு பாதியில் 210 பேரும் அழுத்தினர் என்க. முன்னையது நூற்றுக்கு 1.5, பின்னையது 2.1. வாசகங்கள் இரண்டும் ஒரே தரத்தனவாயின், இவ்வளவு வேறுபாடு தற்செயலால் ஆயிரத்துக்கு இரண்டு தடவைகூட நேராது. ஆகவே இரண்டாவதே சிறந்ததெனக் கொள்வர். இது வகுப்பறையில் நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் நிகழ்தகவன்றி வேறன்று. பிறருடைய விவரங்களை இவ்வாறு திரட்டும்போது வரம்பு வேண்டுமென்பதற்காகவே, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் இயற்றப்பட்டது.

மாணவி கூறிய ஒரு நிகழ்ச்சி எம்மைக் கவர்ந்தது. பொருள்களை வீடுகளுக்கு அனுப்பும் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்காகத் தமிழில் விளம்பரம் செய்தனர். வடபகுதியில் அதனை அழுத்தியோர் மிகச் சிலர். தமிழில் விளம்பரம் செய்வது வீண்செலவு என்று கந்தோரில் முடிவு செய்யவிருந்தனர். மாணவி அவ்வாசகத்தைப் பார்த்தார். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். எவ்வூரிலும் எவரும் பேசாத தமிழ். அதனை நீக்கி, "உங்கள் படலையடிக்கே கொண்டுவந்து தருவோம்" என்று எழுதிக்கொடுத்தார். அழுத்தியோர் தொகை ஏறியது.

"சேர், ஆட்கள் அழுத்தேல்லை என்றதை எண் சொல்லிச்சுது. ஏன் அழுத்தேல்லை என்றதை அது சொல்லேல்லை. அதை அம்மம்மாவின்ர படலைதான் சொல்லிச்சுது" என்றார்.

வேர் என்பது ஓய்வு நாளில் எடுத்துப் பார்த்து மகிழும் பழம்பொருளன்று; தொழிலுக்கும் நீர் தருவது அதுவே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இரவின் கணக்கு

ஆயினும் அத்தொழிலுக்கு மற்றொரு முகமும் உண்டு. மாணவியின் கந்தோருக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் லண்டன் மாநகரிலேயே உள்ளனர். கோடை காலத்தில் லண்டனிற் காலை 9 மணி அடிக்கும்போது கொழும்பிற் பிற்பகல் 1.30. அங்கு மாலை 5 மணிக்குக் கந்தோர் அடைக்கும்போது இங்கு இரவு 9.30. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். குழந்தை பள்ளியால் வரும் வேளையில் தாய் வீட்டில் இல்லை. தாய் வரும் வேளையிற் குழந்தை உறங்கிவிடும். போயா தினத்தில் நாடு முழுவதும் விடுமுறை கொண்டாடும். லண்டன் அதனை அறியாது. கார்த்திகை விளக்கீடு வரும் காலத்தில், மேல்நாட்டார் நத்தார்ப் பண்டிகைக்குப் பொருள் வாங்கத் தொடங்கிவிடுவர். விளக்கேற்றும் மாலைப்பொழுதே கந்தோரில் வேலை மிகுந்த பொழுது.

நாம் சென்றிருந்த வேளையில் மாணவியின் முன்னே ஒரு கேள்வி நின்றது. அமெரிக்க வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைமை தாங்குமாறு கந்தோரிற் கேட்டிருந்தனர். சம்பள உயர்வு பெரிது. வீட்டுக் கடனும் பெரிது. ஆனால் நியூயோர்க் நகரத்து நேரப்படி வேலை செய்தல் வேண்டும். அதாவது கோடையில் மாலை 6.30 தொடக்கம் அதிகாலை 2.30 வரை. அதில் ஒரு நன்மையும் இருந்தது. பள்ளியால் வரும் குழந்தையைத் தாய் வீட்டிலிருந்து வரவேற்கலாம். தீமையும் இருந்தது. கணவர் வாசலால் உள்ளே வரும்போது மனைவி வெளியே செல்வார். காலையில் குழந்தை பள்ளிக்குப் புறப்படும்போது தாய் உறக்கத்தில் இருப்பார்.

கணிதம் பயின்றவர் ஆதலின் அவர் வெறும் கவலையில் நின்றுவிடவில்லை. ஒரு மாதம் தம் வாழ்வையே கணக்கெடுத்திருந்தார். அக்குறிப்பேட்டை எம்மிடம் காட்டினார். வேலை நாட்கள் 22. அவற்றுள் இரவு 10 மணிக்குப் பின் வீடு திரும்பியவை 17. குழந்தையுடன் அமர்ந்து இராச்சாப்பாடு உண்ட நாட்கள் 9. அவற்றுள் எட்டு, சனியும் ஞாயிறும். தாயாருடன் தொலைபேசியிற் பேசிய தடவைகள் 26.

"இருபத்தாறு தடவை என்பது நல்ல எண்ணிக்கைதானே?" என்றோம்.

மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நானும் முதலில அப்பிடித்தான் நினைச்சன் சேர். பிறகுதான் ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிசம் என்று எழுதினன். முக்கால்வாசி மூன்று நிமிசமும் இல்லை. எல்லாம் வாகனத்தில போகேக்க எடுத்தது. 'சரி பிள்ளை, நீ வேலையைப் பார்' என்று அம்மாதான் முதலில வைக்கிறவ" என்றார்.

அன்று மாலை நல்லூரிலிருந்து தாயார் அழைத்தார். திருவிழாக் காலம், கோயில் வீதியிலிருந்து நாதஸ்வர ஒலி கேட்டது. குழந்தை திரையில் அம்மம்மாவைக் கண்டு மகிழ்ந்து, பள்ளியில் நடந்ததையெல்லாம் ஆங்கிலத்திற் சொல்லிற்று. அவ்வம்மையார் ஒவ்வொன்றுக்கும் "ஓம் குஞ்சு, ஓம்" என்று சிரித்தார். அவருக்கு விளங்கியது பாதியும் இராது என்பது எமக்குத் தெரிந்தது, மகளுக்கும் தெரிந்தது. எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு அது.

செட்டியார் தெரு

சனிக்கிழமை காலையில் மாணவி, கணவர், குழந்தை ஆகியோருடன் செட்டியார் தெருவுக்குச் சென்றோம். கோட்டையில் 1997 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைக் கடந்து, புறக்கோட்டை நெரிசலூடே நடந்தால் அத்தெரு வந்துவிடும். இருபுறமும் நகைக்கடைகள். பொன்னின் ஒளியும் மல்லிகையின் மணமும் கலந்த தெரு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் செட்டிநாட்டிலிருந்து வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இப்பகுதியிற் கிட்டங்கிகள் அமைத்து, அரிசி வணிகமும் வட்டித் தொழிலும் நடத்தினர். சிறுவர் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பின் மேலாளாக உயர்வர். நாள்தோறும் குறிப்பெழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து, ஊரிலுள்ள முதலாளிக்கு அனுப்புவர். இன்று கணினித் திரையில் வண்ணக் கோடுகளாய்த் தோன்றுவதை அவர்கள் தமிழ் எழுத்திலே பனையோலையிலும் தாளிலும் வைத்திருந்தனர். எண்ணைக் கொண்டு வணிகம் செய்தல் நேற்று மேல்நாட்டிலிருந்து வந்த வித்தையென எண்ணும் இளைஞர், இத்தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

அவர்தம் கணக்கில் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. வணிகத்திலே வருவதில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்குமென ஒதுக்கி வைத்தலே மகமை. மிஞ்சினாற் கொடுப்போம் என்பதன்று அது. கணக்கிலேயே அதற்கெனத் தனியிடம் உண்டு. செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்கள் அத்தகைய கொடையால் விளங்குவன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிய ஆடிவேல் விழாவில், இத்தெருவிலிருந்தே வேற்பெருமான் தேரேறிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளுவார். கடை திறந்த வணிகர் கடவுளுக்கும் வாயில் திறந்து வைத்தனர்.

கோயில் வீதியில் நின்று இவற்றை மாணவிக்குக் கூறி, "நீரும் உம்முடைய நேரத்தில் ஒரு மகமை வைக்கலாமே?" என்றோம்.

அவர் உடனே உடன்படவில்லை. "அந்தச் செட்டியார்மார் எத்தனை வருசத்துக்கொருக்கா ஊருக்குப் போனவை சேர்?" என்று கேட்டார்.

பொதுவாக மூன்றாண்டுத் தவணை. மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருப்பர் என்று கூறினோம்.

"அப்ப கோயிலுக்கு மகமை வைச்சவை, வீட்டுக்கு வைக்கேல்லை. மூன்று வருசம் பிள்ளையைக் காணாமல் இருந்ததை எந்தப் பேரேட்டில எழுதினவை? எனக்கு இரண்டு மகமை வேணும் சேர்" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. பழமை எல்லாம் குறைவற்றதென நாம் கொள்ள வேண்டியதில்லை. பெரிய மாளிகைகளைக் கட்டியவர்களின் பிள்ளைகள், அம்மாளிகைகளிலே தந்தையின் முகத்தைக் கடிதத்திற் கண்டு வளர்ந்திருப்பர். ஆயினும் மிஞ்சியதைக் கொடாமல் முதலிலேயே ஒதுக்கும் அவ்வழக்கம் நல்லது. அதனை எதற்கு ஒதுக்குவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ளலாம்.

இரண்டு மகமை

அன்றிரவு கணவனும் மனைவியும் நெடுநேரம் பேசியிருந்தனர். மறுநாட் காலையில் அவர்கள் வந்த முடிவை எமக்குக் கூறினர். அமெரிக்கப் பிரிவின் தலைமை வேண்டாம். இப்போதுள்ள வேலையிலேயே இருப்பது. ஆனால் இரண்டை எழுத்திற் கேட்பது. வெள்ளிக்கிழமைகளில் மாலை 5 மணிக்குக் கந்தோரை விட்டுச் செல்லல். தைப்பொங்கல், நல்லூர்த் தேர், விளக்கீடு ஆகியவற்றையொட்டி ஆண்டில் பத்து நாட்கள் ஊருக்குச் செல்லல். அந்த மாலையும் அந்தப் பத்து நாட்களும் கந்தோர் நாட்காட்டியில் ஆண்டின் தொடக்கத்திலேயே குறிக்கப்படும். ஒன்று குழந்தைக்கும் இல்லத்துக்கும். மற்றையது தாய்க்கும் ஊருக்கும்.

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லுதல் வேண்டும். கந்தோரார் வெள்ளிக்கிழமை மாலைக்கு உடன்பட்டனர். பத்து நாட்களில் ஏழு நாட்களையே கொடுத்தனர். விளக்கீட்டு நாட்கள் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பிரிவின் தலைமை வேறொருவருக்குச் சென்றது. அவர் மாணவிக்குப் பின் வேலையிற் சேர்ந்தவர். வீட்டுக் கடனை முடிக்க இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகும். மாணவியின் முகத்தில் அவ்வருத்தம் இல்லையென்று நாம் கூறமாட்டோம். தாயாரும் நல்லூரை விட்டு வருவதாயில்லை.

ஆனாற் கணக்கின் மறுபக்கத்தில் ஏறியவையும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவுகளில் அம்மம்மாவோடு பேசும் பேச்சுக்கு இப்போது நேர அளவில்லை. அன்று தமிழில் மட்டுமே பேசுவது என்று வீட்டிலே ஒழுங்கு. ஒடியற் கூழ் காய்ச்சும் முறையைத் திரையூடே தாயார் சொல்ல, மகள் அடுப்படியில் நின்று காய்ச்ச, பேத்தி இடையிடையே கேள்வி கேட்பாள். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலைக்கும் போகின்றாள். "படலை என்றால் என்ன?" என்று அக்குழந்தை அண்மையில் அம்மம்மாவைக் கேட்டதாம். தேருக்குப் போயிருந்தபோது அதனைத் தொட்டே பார்த்தவள், பெயரை மட்டும் மறந்திருந்தாளாம்.

எண்களைக் கொண்டு தொழில் செய்யும் காலம் இது. எம்மிடம் பயிலும் மாணவரிற் பலர் நாளை அத்தொழிலுக்கே செல்வர், செல்லவும் வேண்டும். கணிதமும் தமிழும் ஒருங்கே கற்றவருக்கு அங்கு நல்ல இடம் உண்டென்பதை மாணவியின் வாழ்விற் கண்டோம். ஆனால் எண் தன்னிடம் கேட்டதற்கு மட்டுமே விடை கூறும். இல்லத்தையும் ஊரையும் பற்றி அதனை எவரும் கேளாவிடின், அவை கணக்கிற் சேராமலே போய்விடும். வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரத்தை வீட்டுக்குக் கொடுப்போமென இருப்பவருக்கு நேரம் மிஞ்சுவதேயில்லை.

கொழும்புக்குச் செல்லும் அன்பர்கள் அடுத்த முறை காலிமுகத் திடலோடு நின்றுவிடாது, செட்டியார் தெருவிலும் சிறிது நடந்து வருவார்களாக. வெள்ளிக்கிழமை மாலையாயின் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்கும் செல்லலாம். மாடிகளின் சன்னல்களில் விளக்குகள் ஏறிக்கொண்டிருக்கும். அவற்றுள் எத்தனை வீடுகளில் எல்லோரும் கூடியிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதும் பயனுள்ள கணக்கே.